கல்லூரிக்குள் எந்த வழியாகப் போவது? – வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவும் உதவித் திட்டங்களும்

பிளஸ் டூ முடிவு மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடுகிறது. அதன்பின் ஏழெட்டு வாரங்களுக்குள் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, பணத்துக்கு என்ன வழி என்று எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும். வீட்டில் படித்தவர்கள் இருந்தால் இந்தப் பேச்சு இரண்டு மூன்று ஆண்டு முன்பே தொடங்கியிருக்கும். கொத்தனார் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்களின் வீட்டில் அது முடிவு வந்த அன்று மாலைதான் தொடங்குகிறது. யாரைக் கேட்பது என்பதே அங்கு முதல் கேள்வி.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாட்டில் அது 47. பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் மீதிப் பாதிப் பேர் வெளியில் இருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. அவர்களில் பலர் படிக்க விருப்பமில்லாதவர்கள் அல்லர். பணம் இல்லாததால் நின்றவர்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது முழு உண்மையன்று. இந்த மாநிலத்தில் உதவித் திட்டங்களுக்குக் குறைவில்லை. ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருக்கும் இருவரில் ஒருவர் ஏறக்குறைய இலவசமாகப் படிக்கிறார், மற்றவர் லட்சக்கணக்கில் கட்டுகிறார். இருவரின் குடும்ப வருமானமும் ஒன்றாகவே இருக்கலாம். அவர்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. எனவே கல்லூரியின் பெயரை விசாரிக்கும் முன் சேரும் வழியை விசாரிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது. இன்னொன்றும் உண்டு. கல்லூரி பணம் கேட்கும் மாதத்துக்கும் உதவிப் பணம் வந்து சேரும் மாதத்துக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. உதவி இருந்தும் பிள்ளைகள் அதில் விழுகிறார்கள்.

ஐம்பது ரூபாய் விண்ணப்பம்

செலவு குறைந்த வழி அரசு கலை அறிவியல் கல்லூரி. மாநிலத்தில் இவை 160க்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இணையவழியில் ஒரே விண்ணப்பம். பதிவுக் கட்டணம் 2 ரூபாய், விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர் 2 ரூபாய் கட்டினால் போதும். இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. தேர்வு, நூலகம், விளையாட்டு என்று சில்லறைத் தொகைகள் மட்டும் கட்ட வேண்டியிருக்கும். தனியார் கல்லூரி ஒன்றில் ஒரு பருவத்துக்குப் பேருந்துக்கென வாங்கும் பணத்தில் இங்கே பட்டப்படிப்பையே முடித்துவிடலாம்.

இருந்தும், "கவர்மென்ட் காலேஜா?" என்று தயங்கும் பெற்றோர் நிறையப் பேர். வாத்தியார் வரமாட்டார், வகுப்பு நடக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே பல துறைகள் ஓடுகின்றன என்பது உண்மை. அவர்களுக்கு நியாயமான ஊதியமும் நிலையான பணியும் தராமல் அரசு காலம் கடத்துவதும் உண்மை. அதே சமயம் சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, கோவை, கும்பகோணம், சேலம் போன்ற ஊர்களின் பழைய அரசுக் கல்லூரிகளில் நல்ல துறைகளுக்கு நடக்கும் போட்டியைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். கல்லூரியை ஒட்டுமொத்தமாக எடைபோடக் கூடாது. குறிப்பிட்ட துறையில் நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அங்கே படிக்கும் இரண்டு மாணவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

அரசு உதவிபெறும் கல்லூரிகளில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெயர்பெற்ற பழைய கல்லூரி, ஒரே வளாகம், ஒரே நுழைவாயில். உள்ளே இரண்டு பிரிவுகள். ஒன்று, ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும் உதவிபெறும் பிரிவு. மற்றது சுயநிதிப் பிரிவு. பல இடங்களில் முன்னது காலையிலும் பின்னது பிற்பகலிலும் நடக்கும். இரண்டுக்கும் பி.காம். என்றே பெயர், ஒரே பல்கலைக்கழகம்தான் பட்டம் தருகிறது. கட்டணமோ மடங்குக் கணக்கில் மாறும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று ஒரு சின்னக் கட்டத்தில் குறிக்கச் சொல்வார்கள். அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, சேர்க்கைச் சீட்டு கையில் வந்தபின் அதிர்ந்து நிற்கும் குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11இல் இலவசக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்கென இடம் ஒதுக்கிக் கட்டணமின்றிச் சேர்க்கும் திட்டம் இது. ஆதரவற்றவர்கள், கைம்பெண்களின் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான காலம் குறுகியது, அறிவிப்பும் பலர் கண்ணில் படாமலே போகிறது.

கவுன்சிலிங்கா, மேனேஜ்மென்ட்டா?

பொறியியலில் சேரும் வழி இன்னும் கூர்மையாகச் செலவைப் பிரிக்கிறது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்ததிலிருந்து அவை பெருகிப் பெருகி இன்று 400ஐத் தாண்டி நிற்கின்றன. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத்தேர்வு நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றாகியது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250.

கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வைத்தது. தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. வேறுபாடு அவ்வளவுதானே என்று தோன்றும். அவ்வளவோடு நிற்பதில்லை. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அப்படியே. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை ஆதிதிராவிடர் உதவித்தொகையிலிருந்து நிர்வாக ஒதுக்கீட்டை நீக்கிவிட்டது. ஒரு கையெழுத்தில் இத்தனையும் போய்விடுகின்றன.

திண்டுக்கல் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கல்விக் கடன் கேட்டு வந்த ஒருவரை ஜூலை மாதம் ஒருமுறை பார்த்தேன். சட்டைப் பையில் கல்லூரி ரசீது, பக்கத்தில் மகன்.

"தம்பிக்கு கவுன்சிலிங்ல கிடைச்ச சீட்டா, மேனேஜ்மென்ட்டா?" என்றார் மேலாளர்.

"மேனேஜ்மென்ட்தான் சார். அதுதான் நிச்சயம்னு ஏஜென்ட் சொன்னாரு. அம்பதாயிரம் கட்டிட்டோம்."

"கட்-ஆஃப் எவ்வளவு தம்பி?"

"நூத்தி நாப்பத்தெட்டு சார்."

மேலாளர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "இந்த மார்க்குக்கு கவுன்சிலிங்லயே இதே காலேஜ் கிடைச்சிருக்குமே அண்ணே. மூத்த பட்டதாரி யாரும் இல்லேங்கிறீங்க, அதுலயே வருஷம் இருபத்தஞ்சாயிரம் குறைஞ்சிருக்கும்."

அவர் சொன்னது சரியான கணக்கு. ஏஜென்ட் என்று அறியப்படும் தரகர்கள் கல்லூரியிடமும் கமிஷன் வாங்குவார்கள், குடும்பத்திடமும் வாங்குவார்கள். கலந்தாய்வு தொடங்கும் முன்பே பயத்தைக் கிளப்பி முன்பணம் கட்ட வைப்பதுதான் அவர்கள் தொழில். "லேட் பண்ணா சீட் போயிடும்" என்பது அவர்களின் ஒரே வாதம். உண்மையில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் கலந்தாய்வு முடிந்தபின்னும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அவசரப்பட வேண்டிய தேவை தரகருக்குத்தான் இருக்கிறது. இதைப் பள்ளியிலேயே, பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்து, மார்ச் மாதத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் 1992 முதல் இந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையும், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் அசலை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யாருக்கு என்ன கிடைக்கிறது

முதல் பட்டதாரிச் சலுகை 2010-11இல் கலைஞர் ஆட்சியில் வந்தது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெறாத குடும்பம் என்றால் வருவாய்த் துறையிடம் சான்றிதழ் வாங்கிக் கலந்தாய்வில் காட்டலாம். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கட்டணம் குறையும். இந்தச் சலுகைக்குச் சாதியும் வருமானமும் தடையில்லை. அந்த வகையில் இது அரிய திட்டம். பெரியப்பா மகனோ மாமாவோ பட்டதாரி என்பதற்காக விண்ணப்பிக்காமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்திருக்கும் வழி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. 2020இல் நீதியரசர் கலையரசன் குழுவின் பரிந்துரைப்படி மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் நீதியரசர் முருகேசன் குழுவின் பரிந்துரைப்படி அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் இடம் பிடிக்கும் அரசுப் பள்ளி மாணவரின் இளநிலைச் செலவும் அரசுடையது என்று 2022-23 நிதிநிலை அறிக்கை சொன்னது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையிலும் தொடங்கின. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் என்று போய்க்கொண்டிருந்த பணத்தைப் பெண்களின் கல்லூரிப் படிப்பின் பக்கம் திருப்பியது, அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளுள் ஒன்று என்பேன். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இந்த இரு மாத உதவித் திட்டங்களில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு நிபந்தனை பலருக்குக் காலம் கடந்துதான் தெரியவருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, ஊராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளே. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டுவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதியுடையவர்கள். ஆனால் வட்டிக்கு வாங்கியாவது இங்கிலீஷ் மீடியத்தில் போடுவோம் என்று ஆறாம் வகுப்பில் தனியாரில் சேர்த்து, முடியாமல் எட்டில் அரசுப் பள்ளிக்கு மாற்றிய குடும்பம் இதை இழந்துவிடும். அந்தக் குடும்பம்தான் இருப்பவற்றுள் மிக ஏழையாகவும் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு தனியாரில் கழித்ததற்காக முழு உதவியும் மறுக்கப்படுவது கடுமையானது. படித்த ஆண்டுகளுக்கு ஏற்ப உதவியை அளந்து தருவதற்கு அரசு வழி காண வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. இந்தியாவின் மூத்த ஏழை மாணவர் உதவித் திட்டங்களுள் இது ஒன்று எனலாம். ஆதிதிராவிடருக்கானது இன்று மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் நடக்கிறது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்குக் கட்டாயக் கட்டணங்கள் முழுவதையும் இந்த உதவித்தொகை ஈடுகட்டும். கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர்களுக்குத் தமிழ்நாடு தன் நிதியிலிருந்து தருகிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனித் திட்டங்கள் உண்டு.

இவற்றில் பெரும்பாலானவற்றின் வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். மாதம் 21,000 ரூபாய் வந்தாலே ஒரு குடும்பம் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். கணவன் கொத்தனார், மனைவி பனியன் கம்பெனியில் வேலை என்றால் இருவரும் சேர்ந்து சம்பாதிப்பது இந்த அளவுதான். 2019இல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய வகுப்பினருக்கான ஒதுக்கீட்டில் வரம்பு 8 லட்சம். தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகைக்கும் 8 லட்சம். நூற்றாண்டுகளாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்களின் வீட்டுக்கு மட்டும் 2.5 லட்சம் என்பது எந்த நியாயத்திலும் அடங்காது. இதை 8 லட்சமாக உயர்த்தச் சொல்லித் தமிழ்நாடு மத்திய அரசிடம் கேட்டிருக்கிறது. கேட்டதோடு நிற்காமல், மாநிலத்தின் கையில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகையின் வரம்பையும் தானே உயர்த்திக் காட்டினால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.

சாதி சாராத மத்திய உதவிகளும் இருக்கின்றன. தத்தம் கல்வி வாரியத்தில் மேல் இருபது விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்கு இது தரப்படுகிறது. பொறியியல், பாலிடெக்னிக் முதலாண்டில் சேரும் பெண்களுக்குப் பிரகதி ஆண்டுக்கு 50,000. மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத் என்று அதே தொகையில் வேறிரண்டு. ஐ.ஐ.டி.யில் பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் என்றதும் மிரள வேண்டாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கும் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

பெற்றோரின் தொழிலை ஒட்டிய உதவிகளைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்கும், உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அட்டை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் கல்வி உதவி உண்டு. தென்காசி, திருநெல்வேலி, வேலூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை தருகிறது. வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் பெட்டியில் போட்டு வைத்திருந்தால் இதில் ஒன்றும் வராது.

ஜூனில் கட்டணம், பிப்ரவரியில் உதவி

ஜூன் மாதத்தில் எந்த ஊர் இ-சேவை மையத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் கையொப்பம் ஆக வேண்டும். நடுவில் ஒருவர் "குடும்ப அட்டையில் அப்பா பேரில் இன்ஷியல் வேறாக இருக்கு" என்று திருப்பி அனுப்பினால் மறுபடி முதலிலிருந்து. ஆதாரில் 'முத்துலெட்சுமி', மதிப்பெண் பட்டியலில் 'முத்துலட்சுமி' என்று ஓர் எழுத்து வேறுபட்டதற்காக ஒரு பருவத்து உதவித்தொகை நின்றுபோவது இங்கே சாதாரணம். வங்கிக் கணக்கு இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பல பிள்ளைகளுக்குப் பள்ளிக் காலத்தில் திறந்த பழைய கணக்கோடு ஆதார் இணைந்திருக்கும். பணம் அங்கே போய் விழும், அல்லது கணக்கு செயலற்றது என்று திரும்பிவிடும். பிளஸ் டூ படிக்கும்போதே டிசம்பர் ஜனவரியில் பெயர்களை ஒத்துப் பார்த்துத் திருத்திவிட்டால் பாதித் தொல்லை தீரும். அந்த வேலையைப் பள்ளியிலேயே முகாம் போட்டு முடிக்க வேண்டும்.

சான்றிதழ்கள் சரியாக இருந்தாலும் பணம் உடனே வருவதில்லை. கல்லூரி சரிபார்த்து, துறை சரிபார்த்து, மாநிலப் பங்கும் மத்தியப் பங்கும் தனித்தனியாக விடுவிக்கப்பட்டு, மாணவர் கணக்குக்கு வருவதற்குள் கல்வியாண்டே முடியும் நிலைக்கு வந்துவிடும். 2021 நெறிமுறைப்படி மத்தியப் பங்கு நேராக மாணவரின் கணக்குக்கு வரும், வந்த ஏழு நாளுக்குள் கல்லூரியில் கட்ட வேண்டும். இடைத்தரகர் ஒழிய நல்ல வழிதான். ஆனால் கல்லூரி அதுவரை பொறுக்குமா? தேர்வு நுழைவுச்சீட்டைத் தர மறுப்பது, வகுப்பில் எழுப்பி நிறுத்துவது, "வீட்டுல போய் வாங்கிட்டு வா" என்று அனுப்புவது எல்லாம் நடக்கிறது. முன்பணம் கட்டாமலே சேர வழிசெய்யும் ஃப்ரீஷிப் கார்டு என்ற அட்டை நெறிமுறையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கல்லூரி நிர்வாகங்களும் தாமாகச் சொல்வதில்லை.

பணத்தின் அளவைவிட அது வரும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை 2024இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு காட்டியது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளியின் மகன் ஒருவனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்க்கையை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கடைசி நாள் ஜூன் 24, மாலை ஐந்து மணி. ஊரார் கொடுத்துத் திரட்டிய பணத்தைக் குறித்த நேரத்துக்குள் இணையத்தில் செலுத்த முடியவில்லை, இடம் போய்விட்டது. அந்த ஆண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவையும் தட்டினார்கள். செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவின் கீழ் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனைச் சேர்க்க உத்தரவிட்டது. சேர்ந்திருந்தால் அவனுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. வாசலில் கேட்ட 17,500 ரூபாய்தான் அவனை நிறுத்தியது. டெல்லிவரை போக முடியாமல் நின்றுபோனவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சேர்க்கைக் காலத்தில் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரிடமும் ஒரு சுழல்நிதி இருந்து, சான்றிதழ் சரியாக உள்ள பிள்ளைக்கு முதல் தவணையை அன்றே கட்டிவிட்டு, உதவித்தொகை வந்ததும் ஈடு செய்துகொள்ளலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

கட்டணம் தீர்ந்தாலும் சோறும் படுக்கையும் தீர்வதில்லை. உள்ளூரில் படித்தால் பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. வெளியூர் என்றால் அரசு விடுதிதான் கதி. சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி போன்றவை தலைமுறை தலைமுறையாகக் கிராமத்துப் பிள்ளைகளைச் சென்னையில் தாங்கியிருக்கின்றன. 2025இல் இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,100லிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. நாளைக்கு 50 ரூபாய். அதில் மூன்று வேளை சத்தான சாப்பாடு போட முடியாது என்பது எந்த விடுதிச் சமையலரைக் கேட்டாலும் தெரியும். தனியார் கல்லூரிகளிலோ கட்டணக் குழுவின் வரம்பு கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடுவதால், பேருந்து, விடுதி, வேலைவாய்ப்புப் பயிற்சி, சீருடை, மடிக்கணினி என்று ரசீதின் கீழ்ப்பகுதி நீண்டுகொண்டே போகும். சேரும் முன் நான்காண்டுக்கும் ஆகும் மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை.

இவ்வளவுக்குப் பின்னும் குறையும் பணத்துக்குக் கல்விக் கடன். 4 லட்சம் வரை பிணையும் முன்பணமும் இல்லாமல் வங்கிகள் தர வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். அந்தக் காலத்து வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைத்தான் யாரும் விளக்குவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சமாக நான்காண்டு வாங்கி, வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் லட்சத்துக்கு 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000 ஆக 1,40,000 ரூபாய் தனிவட்டி சேர்ந்திருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்நுட்ப அல்லது தொழிற்படிப்பில், தர அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் சேர்ந்திருந்தால் இந்த வட்டியை மத்திய அரசு கட்டுகிறது. 2009 முதல் இந்தத் திட்டம் இருக்கிறது. அங்கீகார நிபந்தனை 2018இல் சேர்ந்தது. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே நாக் அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பார்க்காவிட்டால் 1,40,000 ரூபாய் குடும்பத்தின் தலையில் விழும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் 8 லட்சம் வரை வருமானமுள்ள வீடுகளுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை தருகிறது. தேர்ந்தெடுத்த முன்னணி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கே அது பொருந்தும்.

தொண்டு நிறுவனங்களைப் பற்றிச் சுருக்கமாக. நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம், 2010 முதல் 'விதை' திட்டத்தின் வழியே முதல் தலைமுறைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைக்கிறது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். படிப்பின் நடுவே ஆங்கிலப் பயிற்சி, ஆலோசனை என்று கூடவே நிற்பதால்தான் அந்தப் பிள்ளைகள் முடித்து வெளியே வருகிறார்கள். அரசுத் திட்டங்களில் இல்லாதது இதுதான். கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, முதல் பருவத்தில் மூன்று அரியர் வைத்துவிட்டு மனம் உடைந்து நிற்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உதவித்தொகையைப் புதுப்பிக்க மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் கேட்கிற அரசு, அவற்றை எட்டுவதற்கு உதவும் ஓர் ஆசிரியரையும் ஒவ்வொரு கல்லூரியிலும் நியமிக்க வேண்டும்.

ஜூலை தாண்டிவிட்டால்

அரசின் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி நிகழ்ச்சிகள் 2022 முதல் நடக்கின்றன. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் அதைவிடப் பயனுள்ளவை என்பது என் கருத்து. சான்றிதழ் தரும் வருவாய்த் துறையினர், வங்கியாளர்கள், கல்லூரிக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தேர்வில் ஒரு பாடம் தவறித் துணைத்தேர்வு எழுதித் தேறியவர்களும் இங்கே வரலாம். பொறியியலில் அவர்களுக்கென்றே துணைக் கலந்தாய்வு உண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடங்கள் ஆகஸ்டிலும் நிரப்பப்படுகின்றன. அரசு ஐ.டி.ஐ.யில் படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பாலிடெக்னிக் முடித்தவர்கள் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஓராண்டுச் செலவு மிச்சம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புகளுக்கும் பொருந்தும். பனியன் கம்பெனிக்கோ செங்கல் சூளைக்கோ போய்விட்ட பிள்ளையைப் பற்றித் தெரிந்த தலைமையாசிரியர் அந்த வீட்டுக்குப் போன் செய்து முகாம் நாளைச் சொன்னால் போதும். எண் பள்ளியின் எமிஸ் எனப்படும் மாணவர் தகவல் பதிவில் இருக்கிறது.